ஊர்ப் பிள்ளைகளுக்கான கலைப் பட்டறை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செய்யாறு, வந்தவாசி வட்டாரக் கிராமங்களில், கோடை விடுமுறையின்போது 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக நாங்கள் பத்து நாள் கலைப் பட்டறை நடத்தி வருகிறோம். பறை, தெருக்கூத்து, தாள்கூழ் முகமூடி, கோலம், கதை கட்டுதல் ஆகியவை அதில் இடம்பெறுகின்றன. பெற்றோர்களும், ஆசிரியர்களும், தங்கள் ஊரிலும் இப்படி ஒன்றைத் தொடங்க நினைக்கும் இளைஞர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கான விடைகளை இங்கே எழுதி வைக்கிறோம்.

பத்து நாளில் ஒரு பிள்ளை கலையைக் கற்றுக்கொண்டுவிட முடியுமா?

முடியாது. இதை முதல் நாளே பெற்றோர்களிடம் சொல்லிவிடுகிறோம். ஒரு கூத்துக் கலைஞர் உருவாவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். சிறுவயதில் ஜமா எனப்படும் கூத்துக் குழுவில் சேர்ந்து, பெட்டி தூக்கி, திரை பிடித்து, பின்பாட்டுக்குக் குரல் கொடுத்து, சின்னச் சின்ன வேஷங்கள் கட்டி, அதற்குப் பிறகே ஒருவர் கர்ணனாகவோ துரியோதனனாகவோ விடிய விடிய நின்று ஆட முடிகிறது. காஞ்சிபுரத்தை அடுத்த புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபாலும் ஹன்னா டி புருயினும் 2002 முதல் 2020 வரை நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில், பிள்ளைகள் தங்கிப் பள்ளிப் பாடத்தோடு கூத்தையும் ஆண்டுக்கணக்கில் பயின்றார்கள். முறையான பயிற்சி என்றால் அதுதான்.

பத்து நாளில் நடக்கக்கூடியது வேறு. பறையில் இரண்டு அடிகள் கைக்கு வரும், கூத்தில் திரைக்குப் பின்னாலிருந்து வேஷம் தோன்றும் திரைப்பிரவேசத்தைச் செய்யத் தெரியும், தன் கையால் செய்த ஒரு முகமூடி இருக்கும். தன் தெருவில் இத்தனை நாளும் கூலி வேலைக்குப் போகிறவராக மட்டுமே தெரிந்த ஒருவர் எத்தனை நூறு பாட்டுகளை மனப்பாடமாக வைத்திருக்கிறார் என்பதும் அந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருக்கும். பட்டறையால் விளைகிற பெரிய நன்மை இதுதான் என்று நாங்கள் நம்புகிறோம்.

நகரத்திலிருந்து பயிற்சியாளர்களை அழைத்து வந்து ஓவியம், நாடகம், நடனம் என்று நடத்தினால் என்ன?

தவறொன்றும் இல்லை, நாங்களும் ஓவியர்களை அழைத்திருக்கிறோம். ஆனால் பத்தாவது நாள் அவர்கள் பேருந்து ஏறியதும் கற்றுக்கொடுத்தவரும் போய்விடுகிறார், கேள்வி கேட்க ஆளில்லாமல் போகிறது. உள்ளூர் வாத்தியாரோ பட்டறை முடிந்த மறுநாளும் டீக்கடையில் உட்கார்ந்திருப்பார். ஒரு பிள்ளை போய், ‘அந்த மூன்றாவது அடி மறந்துபோச்சு’ என்று சொன்னால் விரலால் மேசையில் தட்டிக் காட்டுவார். அதனால்தான் பட்டறையின் பெரும்பங்கை அந்தந்த வட்டாரக் கலைஞர்களிடமே ஒப்படைக்கிறோம். எங்கள் பகுதி தெருக்கூத்து வேரோடியிருக்கும் பகுதி. கூத்துக்குப் பேர்போன புரிசை செய்யாறுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. உங்கள் பகுதியில் அது ஒயிலாட்டமாகவோ, கணியான் கூத்தாகவோ, வில்லுப்பாட்டாகவோ, தோல்பாவைக்கூத்தாகவோ இருக்கலாம். எங்கள் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறோம்.

கூத்து வாத்தியார்கள் மே மாதத்தில் கிடைப்பார்களா?

புதிதாகத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இடறி விழுவது இந்த இடத்தில்தான். சித்திரையும் வைகாசியும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் காலம். பகலில் பாரதச் சொற்பொழிவு, இரவில் கூத்து, இறுதியில் படுகளம், தீமிதி என்று ஊர் ஊராகத் திருவிழா நடந்துகொண்டிருக்கும். ஜமாக்களுக்கு அதுதான் வருமான காலம். இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை ஆடிவிட்டு, அரிதாரத்தைக் கழுவி, வண்டியேறி வீடு சேர்ந்து, முற்பகலில்தான் அவர்கள் கண்ணயர்வார்கள். அவர்களைக் காலை ஒன்பது மணி வகுப்புக்கு வரச் சொல்வது மனிதத்தன்மையற்ற செயல். முதல் ஆண்டு நாங்கள் அதைத்தான் செய்தோம். பாடிக்கொண்டிருந்த வாத்தியார் நாற்காலியிலேயே தூங்கிவிட்டார். பிள்ளைகள் அவரை எழுப்பாமல் அரைமணி நேரம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

அதிலிருந்து கூத்து வகுப்பை மாலை நாலரை மணிக்கு மாற்றிவிட்டோம். காலை ஆறரை முதல் பத்து வரை பறையும் கைவேலையும் நடக்கும். கத்திரி வெயிலில் பத்து மணிக்கு மேல் பிள்ளைகளை வெளியில் நிறுத்தக் கூடாது. இன்னொரு வழியும் இருக்கிறது. கூத்து குறைந்து கலைஞர்களின் கையில் காசு இல்லாத ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சனி, ஞாயிறுகளில் மட்டும் வகுப்பு வைத்து, பத்து நாளை ஐந்து வாரமாகப் பரப்பலாம். கலைஞருக்கு அந்தப் பணம் மிகவும் தேவைப்படும் நேரம் அது. மழைதான் இடைஞ்சல்; கூரையுள்ள இடம் அமைந்தால் இந்த ஏற்பாடே மேலானது என்பது என் கருத்து.

கலைஞர்களுக்கு எவ்வளவு கொடுக்க வேண்டும்?

ஓர் இரவுக் கூத்துக்கு அவருடைய பங்காக என்ன வருமோ, அதற்குக் குறையாமல் ஒரு நாள் வகுப்புக்குக் கொடுக்க வேண்டும். தொகையை முன்கூட்டியே பேசி, வெற்றிலை பாக்கோடு முன்பணம் வைத்து அழைப்பதுதான் ஜமாக்களின் வழக்கம். அந்த வழக்கத்தை நாமும் பின்பற்றும்போது, ‘சொந்த ஊர்ப் பிள்ளைகள்தானே, சும்மா சொல்லிக்கொடுங்கள்’ என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போகிறது. பொன்னாடையும் நினைவுப் பரிசும் கொடுப்பதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் பணத்துக்குப் பதிலாக அவற்றைக் கொடுக்கக் கூடாது. மொத்தச் செலவில் ஏறத்தாழப் பாதியைக் கலைஞர்களின் ஊதியத்துக்கு ஒதுக்கிவிட்டு, மிச்சத்தில்தான் சாப்பாடு, பொருட்கள், ஒலிபெருக்கி ஆகியவற்றைப் பார்க்கிறோம். பணம் குறைந்தால் ஒலிபெருக்கியை விட்டுவிடுகிறோம்.

பட்டறையை எந்த இடத்தில் நடத்துவது?

மற்ற எல்லாக் கேள்விகளையும்விட இது முக்கியமானது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது.

ஓர் ஊரில் எங்களுக்குக் கோயிலை ஒட்டிய மண்டபத்தைக் கொடுத்தார்கள். மின்விசிறி, தண்ணீர், நல்ல தரை என்று எல்லா வசதியும் இருந்தது. முதல் நாள் முப்பத்தைந்து பிள்ளைகள் வந்தார்கள். மகிழ்ச்சியில் நாங்கள் பெயர்ப்பட்டியலைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் காலையில்தான், தெரு முனையில் இருந்த கைப்பம்பின் அருகே ஆறேழு பிள்ளைகள் நின்றுகொண்டு, மண்டபத்திலிருந்து வந்த பறைச் சத்தத்துக்கு ஏற்பத் தொடையில் தட்டிக்கொண்டிருப்பதைக் கண்டோம். அவர்கள் காலனிப் பிள்ளைகள். உள்ளே பறை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்கள் தெருக்காரர்தான். ‘உள்ள வாங்கடா’ என்று கூப்பிட்டோம். ஒருவரும் நகரவில்லை. அவர்களை யாரும் தடுக்கவில்லை. தடுக்க வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அந்தக் கோடு அவர்களுக்குப் பழகியிருந்தது. பிழை எங்களுடையது. இடத்தை ஏற்றுக்கொள்வதற்கு முன், இங்கே எல்லோரும் கால் வைக்க முடியுமா என்று நாங்கள் கேட்டிருக்க வேண்டும்.

அன்று மாலையே அரசுப் பள்ளி வளாகத்துப் புங்கமரத்தடிக்கு மாறினோம். மின்விசிறி இல்லை, தண்ணீரைக் குடத்தில் கொண்டுவர வேண்டியிருந்தது. ஊர்த்தெருவிலிருந்து நான்கு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள், காலனியிலிருந்து பதினொரு பேர் சேர்ந்தார்கள். நின்ற நால்வரில் இருவர் ஏழாம் நாள் தாமாகவே திரும்பி வந்தார்கள்.

இப்போது எங்களுக்கு ஒரே விதிதான்: எல்லாத் தெருப் பிள்ளைகளும் யாரிடமும் கேட்காமல் நுழையக்கூடிய இடமாக இருக்க வேண்டும். பெரும்பாலான ஊர்களில் அப்படிப்பட்ட இடம் அரசுப் பள்ளி ஒன்றுதான். சில ஊர்களில் நூலகமோ ஊராட்சிச் சேவை மையமோ அமைகிறது. தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். மார்ச் 22 அன்று நடைபெறும் கிராம சபைக் கூட்டத்திலேயே பேசி வைத்துவிட்டால், மே மாதத்துக்குள் தண்ணீர், கழிப்பறைச் சாவி, மின் இணைப்பு ஆகியவற்றை ஒழுங்குபடுத்தப் போதிய அவகாசம் கிடைக்கும்.

எங்கள் வீட்டுப் பிள்ளை பறை அடிக்க வேண்டுமா? உறவினர்கள் தவறாகப் பேசுகிறார்கள்.

தயங்கித் தயங்கி, பெரும்பாலும் தாய்மார்கள் தனியாக வந்து கேட்கும் கேள்வி இது. அவர்களை நாங்கள் கடிந்துகொள்வதில்லை. பறை சாவுக்கு அடிப்பது, ஒரு சாதிக்கு உரியது என்ற எண்ணம் நம் ஊர்களில் எவ்வளவு ஆழமாகப் பதிந்திருக்கிறது என்பது எங்களுக்குத் தெரியும். தொல்காப்பியம் ஒவ்வொரு திணைக்கும் உரிய கருப்பொருள்களில் ஒன்றாகப் பறையைச் சொல்கிறது. அறுவடையிலும், போரிலும், அறிவிப்பிலும், சாமியாட்டத்திலும் ஒலித்த கருவியைத் தீட்டு என்று ஒதுக்கியதும், அதை அடித்தே தீர வேண்டும் என்று ஒரு பிரிவு மக்களைக் கட்டாயப்படுத்தியதும் நம் சமூகம்தான். அந்தக் கட்டாயத்தின் இழிவை அனுபவித்தவர்கள், இனிப் பறையைத் தொடவே மாட்டோம் என்று சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. காலனியிலிருந்து வரும் ஒரு பிள்ளை பறை வேண்டாம், முகமூடி செய்கிறேன் என்று சொன்னால், ஒரு கேள்வியும் கேட்காமல் அப்படியே விட்டுவிடுகிறோம். பறை வகுப்புக்கு எந்தப் பிள்ளையையும் நாங்களாக ஒதுக்குவதில்லை.

மேடையில் பறைக்குக் கிடைத்திருக்கும் மதிப்பு இன்று வேறு. அலங்காநல்லூர் பறையாசான் வேலு அவர்களுக்கு 2025ஆம் ஆண்டு பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் எங்கள் வட்டாரத்துக் கூத்துக் கலைஞர் புரிசை கண்ணப்ப சம்பந்தன் அவர்களின் பெயரும் இருந்தது. தயங்கும் பெற்றோரிடம் இதை நாங்கள் சொல்வதுண்டு. ஆனால் விருதைவிட அதிகம் வேலை செய்வது, அவர்களே ஒரு நாள் வந்து வகுப்பில் உட்கார்ந்து பார்ப்பதுதான். ஆகவே பறை வகுப்புக்கு வேலியும் கதவும் வைப்பதில்லை.

பறை வகுப்பில் என்னதான் நடக்கும்?

முதல் இரண்டு நாட்கள் பறையே கைக்கு வராது. பிள்ளைகள் சம்மணமிட்டு உட்கார்ந்து, வாத்தியார் வாயால் சொல்லும் சொற்கட்டைத் திருப்பிச் சொல்லி, தொடையிலும் தரையிலும் தட்டிப் பழகுவார்கள். பொறுமை இழந்து போகிற பிள்ளைகளும் உண்டு. மூன்றாம் நாள் பறை வரும்.

அதற்கு முன் பறையைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். வட்டச் சட்டத்தை மூன்று மரத்துண்டுகளால் இணைத்து, இரும்புப் பட்டை அடித்திருப்பார்கள். அதன் மேல் பதப்படுத்திய கன்றுத்தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டியிருப்பார்கள். காற்றில் ஈரம் ஏறினால் தோல் தளர்ந்து, ஒலி மந்தமாகிவிடும். அதனால் அடிப்பதற்கு முன் வைக்கோலையோ பனையோலையையோ மூட்டிப் பறையைக் காய்ச்சுவார்கள். வாத்தியார் பறையைத் தீக்கு நேராகத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டுவார், காதருகே பிடித்துக் கேட்பார், மீண்டும் காட்டுவார். முதல் தட்டில் ‘பொத்’ என்று விழுந்த ஒலி, நாலாவது தட்டில் ‘டங்’ என்று எழும். அந்த மாற்றத்தைக் கேட்கும்போது பிள்ளைகள் ஒருவரையொருவர் திரும்பிப் பார்ப்பதை நான் ஒவ்வோர் ஆண்டும் காத்திருந்து பார்ப்பேன்.

பறையை இடத்தோளில் தொங்கவிட்டு, இடக்கையில் நீளமான மெல்லிய சுண்டுக்குச்சியையும் வலக்கையில் குட்டையான அடிக்குச்சியையும் பிடிக்க வேண்டும். இரண்டு குச்சியும் ஒரே வேலையைச் செய்வதில்லை என்பது கைக்குப் புரிய ஒரு நாள் பிடிக்கும். அடிகளுக்குச் சப்பரத்தடி, பாடம், சாமிச்சாட்டு என்று வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும் பல பெயர்கள் உண்டு. உங்கள் வாத்தியார் சொல்லும் பெயரையே வைத்துக்கொள்ளுங்கள். முப்பது பிள்ளைகளுக்குப் பத்துப் பன்னிரண்டு பறைகள் போதும், ஏனெனில் அடிக்காத பிள்ளைகள் ஆட்டத்தின் கால்வைப்பைப் பழகிக்கொண்டிருப்பார்கள். காய்ச்ச வேண்டாத பைபர் பறைகளும் இப்போது கிடைக்கின்றன. மழைக்காலத்துக்கு அவை உதவும். இருந்தாலும் ஒரு தோல்பறையாவது கட்டாயம் இருக்க வேண்டும். தீ மூட்டுவதும் அணைப்பதும் பெரியவர்களின் பொறுப்பு. பக்கத்தில் இரண்டு வாளித் தண்ணீர் இல்லாமல் நெருப்பு வைப்பதில்லை.

கூத்து வகுப்பில் பாரதக் கதை மட்டும்தானா?

முதல் ஐந்து நாள் பாரதம்தான். கூத்தின் அடவும் பாட்டும் அந்தக் கதைகளில்தான் ஊறிக் கிடக்கின்றன. இரண்டு பேர் திரை பிடிக்க, திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடி, அடவு வைத்து, தன்னைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டி, கடைசியில் திரை விலகித் தோன்றும் திரைப்பிரவேசத்தை எல்லாப் பிள்ளைகளும் ஒரு முறையாவது செய்து பார்ப்பார்கள். கலைஞர்கள் கட்டும் கிரீடமும் புஜக்கட்டையும் மார்ப்பதக்கமும் முள்முருங்கை போன்ற கனமில்லாத மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டும் வண்ணத்தாளும் ஒட்டியவை. கனமில்லாத மரம் என்றாலும், எல்லாவற்றையும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டும்போது சிறு உடம்பு தாங்காது. எனவே பிள்ளைகளுக்கு அட்டையில் செய்துகொள்கிறோம். அசலை ஒரு நாள் தொட்டுப் பார்க்கக் கொடுக்கிறோம்.

ஆறாம் நாளிலிருந்து பிள்ளைகளே கதை கட்டுவார்கள். இங்கே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன்தான் துணை. அவன் கதைக்குள்ளும் இருப்பான், கதைக்கு வெளியே வந்து ஊர்க்காரர்களிடமும் பேசுவான். அரசனையே கிண்டல் செய்யும் உரிமை அவனுக்கு உண்டு. ஏரியில் மண் அள்ளியது, பள்ளி விடும் நேரத்துக்கு வராத பேருந்து, அக்காவைப் பன்னிரண்டாம் வகுப்போடு நிறுத்தியது என்று அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயங்கள் எவையும் நாங்கள் கொடுத்தவை அல்ல. உரையாடலைப் பெரியவர்கள் எழுதிக் கொடுத்து மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். பிள்ளைகளின் வாக்கியம் கரடுமுரடாக இருந்தாலும் அதுவே இருக்கட்டும்.

கூச்ச சுபாவமுள்ள பிள்ளையை அனுப்பலாமா?

தாராளமாக அனுப்பலாம். கூத்தில் திரை பிடிக்கும் வேலை என்று ஒன்று இருக்கிறதே! மேடையில் நிற்கலாம், யாரும் நம்மைப் பார்க்க மாட்டார்கள், ஆனால் நாம் சரியான நொடியில் விலக்காவிட்டால் அரசன் தோன்ற முடியாது. பேசவே பேசாத ஒரு சிறுவன் எட்டு நாளும் திரை மட்டுமே பிடித்தான். ஒன்பதாம் நாள், பாடிக்கொண்டிருந்தவன் அடியை மறந்தபோது, திரைக்குப் பின்னாலிருந்து சரியான அடியை எடுத்துக் கொடுத்தவன் அவன்தான்.

பெண் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு?

தெருக்கூத்தில் பெண் வேஷங்களையும் ஆண்களே கட்டுவதுதான் நெடுங்கால வழக்கம். நான் மேலே குறிப்பிட்ட குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்று, இரவு முழுவதும் ஆடும் கலைஞர்களாக வளர்ந்தார்கள். திண்டுக்கல்லில் சக்தி கலைக்குழுவின் பெண்கள் பறையடித்து ஆடுவதைத் தமிழ்நாடு பல காலமாகப் பார்த்து வருகிறது. ஆகவே முடியுமா என்ற கேள்விக்கு விடை ஏற்கெனவே கிடைத்துவிட்டது. எங்கள் பட்டறை ஒன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவி துரியோதனன் வேஷம் கட்டினாள். திரை விலகியதும், முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த அவளுடைய பாட்டி, ‘எம்பேத்தி மீசைய பாரு’ என்று பக்கத்திலிருந்தவரின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

நடைமுறையில் பெண் பிள்ளைகளை நிறுத்துவது, கலையைவிடச் சிறிய காரணங்கள்தான். திறந்திருக்கும் சுத்தமான கழிப்பறை, அங்கே தண்ணீர், நாப்கின், இருட்டுவதற்குள் வீடு சேருவது ஆகிய நான்கையும் உறுதிசெய்தால் வருகை கூடுகிறது. மாலை வகுப்பை ஆறரைக்கு முடித்துவிடுகிறோம். வாத்தியார் உற்சாகத்தில் இன்னும் ஒரு பாட்டு என்றாலும் முடித்துவிடுகிறோம்.

பசை, வண்ணம், ஒப்பனைப் பொருட்கள் பிள்ளைகளுக்குக் கேடு செய்யாதா?

கவனிக்காவிட்டால் செய்யும். முகமூடிக்குப் பழைய செய்தித்தாளைக் கிழித்து இரண்டு நாள் ஊறவைத்து, இடித்துக் கூழாக்கி, மைதாப் பசையும் வெந்தயப் பொடியும் சேர்த்துப் பிசைகிறோம். வெந்தயம் கூழுக்கு இழுவை கொடுக்கும். சுவரொட்டி ஒட்டுகிறவர்கள் பூச்சி வராமலிருக்கப் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அது நஞ்சு, பிள்ளைகள் கைபடும் பசையில் அதைச் சேர்க்கவே கூடாது. கூழை ஒரு மண்சட்டியின் வெளிப்புறத்தில் அப்பி, இரண்டு நாள் வெயிலில் காயவைத்துக் கழற்றினால் முகமூடி தயார்.

ஒப்பனையில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். அரிதாரம் என்ற சொல் இன்று எல்லா ஒப்பனைக்கும் பொதுப்பெயராகிவிட்டது. ஆனால் அசல் அரிதாரம் ஆர்சனிக் கலந்த மஞ்சள் கனிமம். அதை எக்காரணத்துக்காகவும் வாங்காதீர்கள். முகப்பூச்சுக்கென்றே விற்கும் வண்ணங்களை வாங்கி, முதல் நாளே மணிக்கட்டில் தடவி, அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பாருங்கள். முகத்தில் முதலில் தேங்காய் எண்ணெய் தடவிவிட்டால் கழுவுவது எளிது.

பிள்ளைகளின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு?

நடத்துகிற நாங்கள்தான். எந்தப் பெரியவரும், அவர் எவ்வளவு மதிப்புக்குரிய கலைஞராக இருந்தாலும், ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது. ஒப்பனையும் உடை மாற்றுதலும் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் தனித்தனி இடத்தில், இரண்டு பெரியவர்கள் பார்வையில் நடக்கும். பறை பிடிக்கும் கையைத் திருத்தும்போதுகூட, ‘கையைத் தொட்டுக் காட்டட்டுமா?’ என்று கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும் என்று எல்லா வாத்தியார்களிடமும் முன்பே பேசிவிடுகிறோம். முதலில் சிலருக்கு வருத்தமாக இருந்தது. காரணத்தைச் சொன்னதும் புரிந்துகொண்டார்கள்.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலியல் குற்றம் இழைக்கப்பட்டதை அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பதே குற்றம். ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடிக்க நினைப்பவர்களிடம் இதைச் சொல்ல வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பலகையில் பெரிதாக எழுதி, அதன் பொருளை முதல் நாளே பிள்ளைகளிடம் விளக்குகிறோம்.

படம், காணொளி எடுக்கலாமா?

பெற்றோர் எழுத்தில் ஒப்புதல் தந்த பிள்ளைகளை மட்டும், நிறைவு நாளில் மட்டும் எடுக்கிறோம். வகுப்பு நடக்கும்போது கைபேசி பைக்குள் இருக்க வேண்டும்; யாரோ படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் பிள்ளை அடியை விட்டுவிட்டுப் படத்துக்கு நிற்கத் தொடங்கிவிடுகிறது.

சான்றிதழ் உண்டா? இதனால் மேற்கொண்டு என்ன வாய்ப்பு?

எங்கள் சான்றிதழால் கல்லூரி இடமோ வேலையோ கிடைக்காது. ஆனால் ஆர்வம் பற்றிக்கொண்ட பிள்ளைக்கு அரசு வழியில் சில கதவுகள் இருக்கின்றன. கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் 5 முதல் 16 வயது வரையுள்ளவர்கள் பாட்டு, நடனம், ஓவியம் போன்றவற்றைக் குறைந்த கட்டணத்தில் பயிலலாம். அத்துறையின் மாவட்ட அரசு இசைப்பள்ளிகளில் நாதசுரம், தவில், மிருதங்கம், தேவாரம் போன்றவற்றுக்கு மூன்றாண்டுப் பயிற்சி உண்டு. மாவட்டக் கலை மன்றம் வழங்கும் விருதுகளில் ‘கலை இளமணி’ 18 வயதுக்குட்பட்டவர்களுக்கானது. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 2022-23 கல்வியாண்டில் தொடங்கிய கலைத் திருவிழா, பள்ளி அளவிலிருந்து மாநில அளவு வரை செல்கிறது. எங்கள் பிள்ளைகள் அதில் கலந்துகொள்ளும்போது மகிழ்கிறோம். ஆனால் பட்டறைக்குள் பரிசு, முதலிடம், இரண்டாமிடம் என்று எதையும் வைப்பதில்லை.

நிறைவு நாள் நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும்?

சிறியதாக. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது. சிறப்பு விருந்தினர்களின் உரையைப் பிள்ளைகளின் ஆட்டத்துக்கு முன்னால் வைத்தால், ஒப்பனை போட்ட முகங்கள் வியர்த்து வழிய, பசியோடு காத்திருக்கும் நிலைமை வரும். நாங்கள் ஆட்டத்தை முதலில் வைத்து, வாழ்த்துரையைக் கடைசியில் வைக்கிறோம். மேடையும் போடுவதில்லை, கூத்துக்குத் தரைதான் களம், மூன்று பக்கமும் மக்கள் உட்கார்ந்துகொள்வார்கள். எல்லாத் தெருக்களுக்கும் பிள்ளைகளே பறையடித்துக்கொண்டு போய் அழைத்துவிட்டு வருவார்கள். இந்த அழைப்பு ஊர்வலத்தின் பாதையை முன்கூட்டியே ஊர்ப் பெரியவர்களிடம் பேசி வைப்பது அவசியம். எந்தத் தெருவையும் விட்டுவிட்டுப் போக நாங்கள் சம்மதிப்பதில்லை.

பட்டறை முடிந்த பிறகு பறைகளை என்ன செய்வது?

ஊரிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். திரும்ப எடுத்துக்கொண்டு போனால் எல்லாம் அதோடு நின்றுவிடும். குறைந்தது நான்கு பறைகளைப் பள்ளியிலோ நூலகத்திலோ, பூட்டாத அலமாரி ஒன்றில் வைத்து, இரண்டு மூத்த பிள்ளைகளின் பொறுப்பில் விடுகிறோம். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும், இருவரும் ஒரே தெருவைச் சேர்ந்தவர்களாக இருக்கக் கூடாது. வாத்தியார் மாதம் ஒரு ஞாயிறு வந்து பார்ப்பதற்கான தொகையை, அடுத்த ஆறு மாதத்துக்கு முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். புங்கமரத்தடிக்கு மாறிய அந்த ஊரில் தோல் கிழிந்த ஒரு பறைக்குப் புதுத்தோல் போடப் பிள்ளைகள் தாங்களே காசு சேர்த்து, வாத்தியார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புளியங்கொட்டை இடித்திருக்கிறார்கள். அடுத்த ஏப்ரலில் நாங்கள் போனபோதுதான் எங்களுக்கே அது தெரியவந்தது.